விம்மில் திரையைப் பிரித்து வைத்துக்கொண்டு கோட் முழுக்கத் தேடுவது எப்படி

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்குப் பைத்தானில் பில் புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். போன வாரம் கமிஷன் கணக்கை மாற்ற வேண்டி வந்தது. கணக்குப் போடும் ஃபங்ஷன் ஒரு ஃபைலில்தான் இருக்கிறது, ஆனால் பில், பேரேடு, விவசாயிக்கான பட்டுவாடா என்று எல்லா இடத்திலிருந்தும் அதைக் கூப்பிடுகிறார்கள். அதனால் ஃபங்ஷனை இடப்பக்கம் வைத்துக்கொண்டு, கூப்பிடும் இடங்களை வலப்பக்கம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டரில் இதற்கு ப்ளகின், அதாவது கூடுதல் இணைப்பு, எதுவும் வேண்டாம்.

விம்மில் ஃபைல் திறக்க, சேவ் செய்யத் தெரியும்தானே? சரி. ப்ராஜெக்டின் மேல் ஃபோல்டரில் இருந்தபடி விம்மைத் திறங்கள். ஃபங்ஷன் உள்ள ஃபைலுக்குப் போய் கண்ட்ரோல் டபிள்யூ அடித்து, கையை எடுத்துவிட்டு வி அடித்தால் திரை இடமும் வலமுமாக இரண்டு ஜன்னல்களாகப் பிரியும்.

அடுத்து தேடல். விம்முக்குள்ளேயே இருக்கும் விம்கிரெப் என்ற தேடல் கட்டளை போதும். கோலன், விம்கிரெப், இடைவெளி, ஸ்லாஷ், தேடும் பெயர், ஸ்லாஷ், அதை ஒட்டியே ஜே. மறுபடி இடைவெளி விட்டு இரண்டு நட்சத்திரம், ஸ்லாஷ், ஒரு நட்சத்திரம், புள்ளி, பி ஒய். இரட்டை நட்சத்திரத்தை விட்டால் உள் ஃபோல்டர்களில் தேடாது.

நான் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டது அந்த ஜே எழுத்தில்தான். அது இல்லாவிட்டால் விம் கிடைத்த முதல் இடத்துக்கு உடனே தாவிவிடும், அதுவும் கர்சர் நிற்கும் ஜன்னலிலேயே. என் கர்சர் இடப்பக்கம் இருந்தது, ஃபங்ஷன் மறைந்து பில் ஃபைல் வந்து உட்கார்ந்துகொண்டது, நானும் ஜன்னல் பிரித்ததில்தான் தப்பு என்று திரும்பத் திரும்பப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

தேடிக் கிடைத்த இடங்களின் பட்டியலைப் பார்க்க கோலன் போட்டு போட்ரைட், இடைவெளி, சிஓபன். வெறும் சிஓபன் அடித்தால் பட்டியல் வலது ஜன்னலுக்குக் கீழே ஒடுங்கிவிடும், வரிகளைப் படிக்கவே முடியாது. இப்போது கர்சர் பட்டியலில் இருக்கும். கண்ட்ரோல் டபிள்யூ, பிறகு வெறும் டபிள்யூ, இந்த ஜோடியை இரண்டு முறை அடித்து வலது ஜன்னலுக்கு வாருங்கள், இதை மறக்கவே கூடாது. அங்கே நின்று கோலன் போட்டு முதல் இடத்துக்கு சிஃபர்ஸ்ட், அடுத்ததற்கு சிநெக்ஸ்ட், பின்னால் போக சிப்ரீவ். எடுத்தவுடன் சிநெக்ஸ்ட் அடித்தால் முதல் இடம் விட்டுப்போகும்.

விம்கிரெப் ஒவ்வொரு ஃபைலையும் மெமரிக்குள் ஏற்றித் தேடுவதால் பெரிய ப்ராஜெக்டில் இழுக்கும், அங்கே நான் ரிப்கிரெப் என்ற தனித் தேடல் கருவியைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அது கிட்இக்னோரில், அதாவது கிட் கண்டுகொள்ள வேண்டாம் என்று எழுதி வைக்கும் பட்டியலில், உள்ள ஃபைல்களைத் தானாகவே விட்டுவிடும். பூக்கடை மாதிரி சின்ன வேலைக்கு விம்கிரெப்பே என் விருப்பம்.

அப்புறம், என்னோடு வேலை செய்யும் தம்பி இதைச் செய்து பார்த்து, திரை அப்படியே நின்றுவிட்டது என்று போன் செய்தார். மேலும் கீழுமாகப் பிரிக்க டபிள்யூவுக்குப் பிறகு எஸ் அடிக்க வேண்டும், அவர் கண்ட்ரோலிலிருந்து கையை எடுக்காமலேயே எஸ் அடித்திருக்கிறார். சில டெர்மினல்களில் கண்ட்ரோல் எஸ் திரையை நிறுத்திவிடும். கண்ட்ரோல் கியூ அடித்தால் மறுபடி ஓடும், எழுதியது எதுவும் போகாது.