சுண்டெலிக் கல்லீரலில் கொலஸ்ட்ராலை அளப்பது எப்படி?

கல்லீரல் கொலஸ்ட்ரால் கணக்கு பெரும்பாலும் கிட்டில் (அளப்பதற்கான ஆயத்த வினைபொருள் பெட்டியில்) தவறுவதில்லை, திசு எடுக்கும்போதே தவறிவிடுகிறது. கொலஸ்ட்ராலை உருவாக்கும் பாதையிலுள்ள எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸும், அதைப் பித்த அமிலமாக மாற்றும் சிஒய்பி7ஏ1-உம் பொழுதுக்கேற்ப ஏறி இறங்கும் நொதிகள். சுண்டெலி இரவில்தான் அதிகம் தின்னும். ஒரு குழுவைக் காலையிலும் மற்றதை மாலையிலும் எடுத்தால் மருந்தின் விளைவையும் நேரத்தின் விளைவையும் பிரிக்கவே முடியாது. எல்லாவற்றுக்கும் ஒரே பட்டினி நேரம் கொடுத்து, குழுக்களை மாற்றி மாற்றி எடுங்கள்.

பித்தப்பையை முதலில் அகற்றிவிடுங்கள். அது கிழிந்தால் பித்தநீரிலுள்ள கொலஸ்ட்ரால் திசுவில் படியும். எப்போதும் கல்லீரலின் ஒரே மடலிலிருந்து துண்டெடுத்து, திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, -80 டிகிரியில் வையுங்கள்.

பிரித்தெடுக்க 1957-இல் வந்த ஃபோல்ச் முறையே போதும். 100 மி.கி. திசுவை 2 மி.லி. குளோரோஃபார்ம்-மெத்தனால் கலவையில் (2:1) அரைத்து, சக்கையை வடிகட்டுங்கள். வடிநீரை அதே கலவை சேர்த்து மீண்டும் 2 மி.லி. ஆக்கி, 0.4 மி.லி. 0.9% உப்புநீர் விட்டுக் குலுக்கி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றுங்கள். கொழுப்பு கீழ் அடுக்கில் இருக்கும். நடுவே வெள்ளைத் தகடாக நிற்பது புரதம். அதைத் தொடாமல் கண்ணாடி பாஸ்டர் பிப்பெட்டால் கீழ் அடுக்கை உறிஞ்சுங்கள். பாலிஸ்டைரீன் குழாய் குளோரோஃபார்மில் கரைந்துவிடும். கண்ணாடிக் குழாயும் டெஃப்லான் மூடியும் கட்டாயம். வேலை முழுதும் ஃபியூம் ஹுட்டுக்குள் (நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) நடக்கட்டும்.

நைட்ரஜன் ஊதி முழுதாக உலர்த்தி, 10% டிரைட்டன் எக்ஸ்-100 (சோப்பு போன்ற பொருள்) சேர்த்த 0.2 மி.லி. ஐசோபுரோப்பனாலில் கரையுங்கள். குளோரோஃபார்ம் மிச்சமிருந்தால் அளவுத் தட்டின் குழி கலங்கி அளவு பொய்யாக உயரும். ஒப்பிடுவதற்கான, அளவு தெரிந்த கொலஸ்ட்ரால் கரைசலான ஸ்டாண்டர்டையும் இதே கரைப்பானில் தயாரியுங்கள். நீரில் கரைத்த ஸ்டாண்டர்டோடு ஒப்பிடுவது செல்லாது.

கிட்டில் எஸ்டரேஸ் (கொழுப்பமிலத்தோடு இணைந்த எஸ்டர் வடிவக் கொலஸ்ட்ராலைப் பிரித்துவிடும் நொதி) இருந்தால் கிடைப்பது மொத்தக் கொலஸ்ட்ரால், இல்லாமல் ஓட்டினால் எஸ்டராகாதது; வித்தியாசமே எஸ்டர் வடிவம். கரைசலில் மில்லிலிட்டருக்கு 1.25 மி.கி. வந்தால், 1.25 × 0.2 ÷ 0.1, அதாவது கிராமுக்கு 2.5 மி.கி. கொழுப்புணவு கொடுக்காத சுண்டெலிக்கு இது இயல்பை ஒட்டிய அளவு.

கல்லீரல் சேதமடைந்திருக்கிறதா என்றும் அறிய, சீரத்தில் ஏஎல்டி என்ற கல்லீரல் நொதியைப் பாருங்கள். ரத்தம் சிதைந்திருந்தால் ஏஎஸ்டி என்ற இன்னொரு நொதி சிவப்பணுவிலிருந்தே கசிந்து ஏறும், அதை நம்பக்கூடாது.

கடைசியாக ஒரு சோதனை: சேர்ந்து செய்யும் மாதிரிகளின் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு திசுவை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் 0.2 மி.கி. கொலஸ்ட்ரால் கலந்து அரையுங்கள். கலந்ததில் 90 சதவீதத்துக்குக் குறைவாகத் திரும்பினால் அந்தத் தொகுதியை மறுபடி செய்யுங்கள்.