கடற்கரை ஊரில் எலக்ட்ரிக் கிட்டார் கட்டுவது: மரத்துக்கு முன் வாங்க வேண்டியவை

சொந்தமாகக் கிட்டார் கட்ட ஆசை வந்தவர்கள் முதலில் ஓடுவது மரவாடிக்குத்தான். புதுச்சேரியிலும் கடலூரிலும் தேக்கும் பலாவும் கண்ணெதிரே கிடக்கும்போது அப்படித் தோன்றத்தான் செய்யும். ஆனால் எலக்ட்ரிக் கிட்டாரில் பாடிக்கான மரத்தைச் சற்றுப் பொறுத்தே வாங்க வேண்டும். அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1940-களின் தொடக்கத்தில் நாலங்குல மரச்சட்டம் ஒன்றில் ஸ்ட்ரிங் பூட்டி, பார்வைக்குக் கிட்டார் மாதிரி இருக்கட்டும் என்று இன்னொரு கிட்டாரின் பாடியை இரண்டாக அறுத்து இருபுறமும் ஒட்டி வாசித்தார். சுருதி நிற்பதும் கை சுகமாக ஓடுவதும் நெக்கையும் (இடது கை ஓடுகிற நீண்ட கழுத்து) மெட்டல் சாமான்களையும் பொறுத்த விஷயம். நம் கரையில் உப்புக் காற்றும் ஈரமும் முதலில் கை வைப்பதும் அவற்றின் மேல்தான். அதனால் வரிசையை மாற்றுவோம்.

முதலில் பிரிட்ஜ்

பாடியின் மேல் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் மெட்டல் பாகம்தான் பிரிட்ஜ். முதல் கிட்டாருக்கு அசையாத பிரிட்ஜ், அதாவது ஹார்ட்டெயில் போதும். சுருதியை ஆட்டக் கைப்பிடி வைத்த ட்ரெமோலோ என்றால் பாடியின் இரண்டு பக்கமும் குடைய வேண்டும், பின்னால் ஸ்பிரிங்குக்குத் தனிக் குழி வேண்டும். ஸ்ட்ரிங்கைப் பூட்டிவைக்கும் ஃப்ளாய்ட் ரோஸ் ட்ரெமோலோ வகையை அடுத்த கிட்டாருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விலை குறைந்த பிரிட்ஜ்களில் க்ரோம் பூச்சுக்கு அடியில் பெரும்பாலும் துத்தநாகக் கலவைதான் இருக்கும். பூச்சு ஏறாத இடமாகப் பார்த்து, சேடிலின் (பிரிட்ஜில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் உட்காரும் குட்டித் துண்டு) மரைக்குள் டார்ச் அடியுங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை. மங்கிய சாம்பல் நிறமாக இருந்து காந்தமும் ஒட்டவில்லை என்றால் அநேகமாகத் துத்தநாகம். காந்தம் ஒட்டினால் எஃகு. பூச்சு விட்டுப்போன அன்றே துரு ஏறும். நம் ஊருக்குப் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் சேடில்தான் என் தேர்வு.

அதைவிட முக்கியம், சேடிலின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற குட்டி கிரப் ஸ்க்ரூ. கடற்கரையில் முதலில் துருப்பிடித்து இறுகுவது இதுதான். வாசிக்கும்போது உள்ளங்கை வியர்வை நேராக அதன் தலையில்தான் இறங்குகிறது. இறுகிய பிறகு ஆலன் கீயைப் போட்டுத் திருகினால் தலையின் அறுகோணம் வட்டமாகிவிடும். அப்புறம் துளைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆகவே பிரிட்ஜ் வந்த அன்றே, ஆறு சேடிலுக்கு இரண்டிரண்டாக இருக்கும் பன்னிரண்டையும் கழற்றிவிட்டு ஸ்டெயின்லெஸ் கிரப் ஸ்க்ரூ போடுங்கள். சீன, கொரிய, ஜப்பானியத் தயாரிப்புகளில் பெரும்பாலும் எம்3 மரை, 1.5 மில்லிமீட்டர் ஆலன் கீ. அமெரிக்கத் தயாரிப்புகளில் 4-40 என்கிற அங்குல மரை வரும். ஒன்று மற்றொன்றில் ஏறுவது போலத் தொடங்கி நடுவில் சிக்கிக்கொள்ளும். நீளத்தையும் பழையதோடு ஒப்பிட்டு வாங்குங்கள். நீண்டுவிட்டால் மேலே நீட்டிக்கொண்டு கையைக் குத்தும்.

பிரிட்ஜில் பார்க்க வேண்டிய இன்னொன்று, முதல் ஸ்ட்ரிங்கிலிருந்து ஆறாவது ஸ்ட்ரிங் வரை உள்ள அகலம். 52.5, 54, 56 மில்லிமீட்டர் என்று வரும். 56 பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் அளவு. புதிதாகக் கட்டுபவருக்கு 52.5 அல்லது 54 நல்லது. நெக்கை ஒரு மயிரிழை கோணலாகப் பொருத்தினாலும் ஓர ஸ்ட்ரிங், நெக்கின் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் கம்பியை விட்டு நழுவாது.

இரண்டாவது, நெக்

ரெடிமேட் நெக் வாங்குங்கள். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. ஃப்ரெட்டுக்காக வெட்டும் பள்ளம் கொஞ்சம் பிசகினாலே அந்த ஸ்வரம் காதில் உறுத்தும். பாடியில் அந்தப் பிசகை யாரும் கவனிக்கப்போவதில்லை.

மேப்பிள் நெக், 25.5 அங்குல ஸ்கேல் (தலைப்பக்கத்து நட் என்ற பட்டையிலிருந்து சேடில் வரை ஸ்ட்ரிங்கின் நீளம்), அதாவது 648 மில்லிமீட்டர். நட் பக்கம் 42 அல்லது 43, பாடியில் உட்காரும் அடிப்பக்கம் 56 மில்லிமீட்டர் அகலம். இதுதான் பொதுவாகக் கிடைக்கும் ஃபெண்டர் அளவு. நெக்குக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பியான ட்ரஸ் ராட் இரண்டு பக்கமும் வேலை செய்யுமா என்று கேளுங்கள். மார்கழி முடிந்து வெயில் ஏற ஏற நெக் ஒரு பக்கம் வளையும், ஐப்பசி மழையில் மறுபக்கம் வளையும். இரண்டையும் சரிசெய்ய முடிய வேண்டும். நெக் கைக்கு வந்ததும் துப்பாக்கி குறி பார்ப்பதைப் போல ஒற்றைக் கண்ணால் இரண்டு ஓரங்களையும் நீளவாக்கில் பாருங்கள். லேசான வளைவை ட்ரஸ் ராட் எடுத்துவிடும். முறுக்கு இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள், அதற்கு மருந்து கிடையாது.

ஃப்ரெட் கம்பி முடிந்தால் ஸ்டெயின்லெஸ். வழக்கமாக வரும் நிக்கல் சில்வரில் வெள்ளி ஒரு பொட்டுகூட இல்லை. செம்பு, துத்தநாகம், நிக்கல் கலவை. வாசிக்காமல் வைத்தால் கறுத்துப் போகும்.

விரல்பலகைக்கு ஈட்டி மரம் கேட்பவர்களுக்கு ஒன்று: தமிழ்நாட்டில் ஈட்டி மரத்தைக் காக்க 1994-இல் தனிச் சட்டமே வந்தது. பில் இல்லாமல் யாராவது துண்டு கொடுத்தால் வாங்காதீர்கள்.

மூன்றாவது, சார்ட் பேப்பர்

பிரிட்ஜும் நெக்கும் கைக்கு வந்த பிறகே வரைய வேண்டும். பெரிய சார்ட்டில் ஒரு நடுக்கோடு. அதன் மேல் நெக்கை வைத்து, நட்டிலிருந்து 648 மில்லிமீட்டரில் ஒரு குறி. முதல் ஸ்ட்ரிங்கின் சேடிலை நன்றாக முன்னால் தள்ளிவைத்து, அது இந்தக் குறியில் உட்காரும்படி பிரிட்ஜை வையுங்கள். மற்ற சேடில்கள் பின்னால்தான் போக வேண்டியிருக்கும், முன்னால் அல்ல. நெக் உட்காரும் குழியின் ஆழம் ஏறக்குறைய 16 மில்லிமீட்டர்.

இப்போது மரவாடிக்குப் போகலாம்

பாடிக்கு 20 அங்குல நீளம், 14 அங்குல அகலம், இழைத்த பிறகு ஒன்றே முக்கால் அங்குலக் கனம். இரண்டு அங்குலமாக வாங்கினால் கன அடியில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. இவ்வளவு சின்னக் கணக்குக்கு மரவாடியில் முகம் சுளிப்பார்கள். வெட்டு மிச்சத்தில் தேடிப் பாருங்கள், அங்கேதான் நன்றாகக் காய்ந்த பழைய மரம் இருக்கும்.

பதினாலு அங்குல அகலத்தில் ஒரே பலகை எதிர்பார்க்காதீர்கள். ஏழரை அங்குல அகலமுள்ள நீளப் பலகையைக் குறுக்காக இரண்டாக அறுத்து ஓரத்தை இழைத்து ஒட்டுவதே வழக்கம். தேக்கில் எண்ணெய் உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன் ஓரத்தை அசிட்டோனால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது. எடையும் பாருங்கள்: அமெரிக்கத் தொழிற்சாலைகள் எடுக்கும் ஆல்டர் ஒரு கன மீட்டருக்கு 450 கிலோ அளவில் இருக்கும், தேக்கு 650 வரை போகும். ஆல்டரில் இரண்டு கிலோவில் முடிகிற பாடி தேக்கில் மூன்று கிலோவை நெருங்கும். ஒரு மணி நேரம் நின்று வாசித்தால் தோள் சொல்லிவிடும்.

எனக்குப் பிடித்தது பண்ருட்டிப் பலா. தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போகிற மரம் இங்கேயே பக்கத்தில் இருக்கிறது. அறுத்த புதிதில் மஞ்சள், வெளிச்சம் பட்டுப் பட்டுத் தேன் நிறத்துக்கு வரும். 2011 டிசம்பரில் தானே புயல் பெரிய பலா மரங்களை நிறையச் சாய்த்துவிட்டது. அகலமான வைரப் பலகைக்குக் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும். ஓரத்து வெள்ளைப் பகுதியை வெட்டி எறியுங்கள், அதில்தான் பூச்சி விழும்.

“காஞ்ச மரம்தான் தம்பி” என்பதை மட்டும் நம்பி வாங்கிவந்து அன்றே அறுக்காதீர்கள். வீட்டுக்குள், சுவரை ஒட்டாமல், இடையில் ரீப்பர் வைத்துக் காற்றோட்டமாக அடுக்குங்கள். ஈரம் பார்க்கும் மீட்டர் இருந்தால் 12 சதவீதத்தை ஒட்டி வர வேண்டும். இல்லாவிட்டால் சமையலறைத் தராசு போதும்: பலகையிலிருந்து அறுத்த ஒரு துண்டை வாராவாரம் நிறுத்து அதன் மேலேயே எழுதி வையுங்கள். எடை குறைவது நின்ற பிறகு ரம்பத்தை எடுங்கள்.

மீதிச் சாமான்

ஸ்ட்ரிங்கை முறுக்கும் ட்யூனர் மூடிய வகையாக இருக்கட்டும், பல்சக்கரத்துக்குள் உப்பு போகாது. நெக்கின் தலையில் இருக்கும் துளை 10 மில்லிமீட்டரா என்று அளந்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். மர ஸ்க்ரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ். 304 ரகம் போதும், படகுக்காரர்கள் கேட்டு வாங்கும் 316 கிடைத்தால் இன்னும் நல்லது. ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ கொஞ்சம் மிருதுவானது. முதலில் சின்னத் துளை போட்டு, மரையில் மெழுகு தேய்த்து ஏற்றுங்கள்.

ஸ்ட்ரிங்கின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் ஒற்றைச் சுருள் சிங்கிள் காயில் என்றால் 250 கே (கிலோ ஓம்) பாட், அதாவது வால்யூமையும் டோனையும் திருகும் பாகம்; இரட்டைச் சுருள் ஹம்பக்கர் என்றால் 500 கே. வால்யூமுக்கு ‘ஏ’ என்று அச்சிட்ட லாக் வகை. ‘பி’ போட்டால் ஒரு கட்டத்தில் சத்தம் சட்டென்று குறைந்துபோகும். டோன் கப்பாசிட்டர் சிங்கிள் காயிலுக்கு 0.047, ஹம்பக்கருக்கு 0.022 மைக்ரோஃபாரட். திருகும் குமிழான நாப்பை பாட்டோடு சேர்த்தே வாங்குங்கள், தண்டின் பல் அங்குலத்திலும் மில்லிமீட்டரிலும் மாறும். பணம் குறைந்தால் பிக்கப்பில் குறையுங்கள், அதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், கேபிள் செருகும் ஜாக்கில் குறைக்காதீர்கள்.

பூச்சுக்கு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் என்றால் ஐப்பசி, கார்த்திகையில் ஸ்ப்ரே அடிக்க வேண்டாம். காற்றின் ஈரம் படலத்துக்குள் மாட்டிக்கொண்டு வெள்ளையாகப் பூத்துவிடும். மாசி, பங்குனியில் பனி விலகிய பிறகு, காலை பத்து மணிக்கு மேல் அடியுங்கள்.