மால்ட் விஸ்கியின் வரலாற்றைப் படிக்கத் தொடங்குவது எப்படி: எந்தப் புத்தகம் முதலில், எது அப்புறம்

விஸ்கி பற்றிப் புத்தகம் தேடினால் முதலில் கண்ணில் படுபவை மதிப்பெண் போடும் புத்தகங்கள்தான். வழவழப்பான தாள், பக்கத்துக்கு ஒரு பாட்டில் படம், அடியில் நாலு வரி. அவற்றில் ஒன்றிரண்டு நிச்சயம் தேவைப்படும். ஆனால் அவற்றை மட்டும் படித்தால் ஒரு வடிசாலை ஏன் அந்த ஊரில் வந்தது, ஏன் செழித்தது, ஏன் மூடப்பட்டது என்பது பிடிபடவே பிடிபடாது. எனக்கு இந்த வரலாற்றின் மேல் பெரிய பிரியம் உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒரே ஊரை எடுத்துக்கொள்ளுங்கள், வெவ்வேறு காலத்தில் எழுதிய புத்தகங்களில் அந்த ஊர் எப்படி வருகிறது என்று பாருங்கள். இந்தப் பதிவில் ஸ்காட்லாந்தின் கேம்பல்டவுனை எடுத்துக்கொள்ளலாம்.

இதைப் படிக்க விஸ்கி குடிப்பவராக இருக்க வேண்டும் என்பதில்லை. வரி, ரயில், நிலக்கரி, மதுவிலக்கு, வங்கிக் கடன் எல்லாம் கலந்த கதை இது. ஒரு சொட்டும் தொடாதவருக்கும் சுவையாகத்தான் இருக்கும்.

முதல் படி: தொழிலைப் புரிந்துகொள்ளுங்கள்

வரலாற்றுப் புத்தகங்களை எழுதியவர்கள், தயாரிப்பு முறை வாசகருக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறார்கள். அதனால் அதை முதலில் முடித்துவிடுங்கள். பார்லியை ஊறவைத்து, தரையில் பரப்பி, புரட்டிப் புரட்டி முளைவிட வைப்பார்கள். முளைத்ததைச் சூளையில் உலர்த்துவார்கள். அங்கே பீட் என்ற சதுப்புநிலக் கரியை எரித்தால் அந்தப் புகை தானியத்தில் ஏறிவிடும். அப்புறம் அரைத்து, வெந்நீர் விட்டு இனிப்பை இறக்கி, ஈஸ்ட் சேர்த்தால் ஊறல் தயார். அதைச் செம்பு வடிகலத்தில் பெரும்பாலும் இரண்டு முறை வடித்து, ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று வருடம் வைத்தால்தான் ஸ்காட்லாந்து சட்டப்படி அது விஸ்கி. முளைகட்டிய பார்லி மட்டுமே சேர்ந்தால் மால்ட். அதுவும் ஒரே வடிசாலையில் உருவானதாக இருந்தால் சிங்கிள் மால்ட்.

இதற்கு மைக்கேல் ஜாக்சனின் 'மால்ட் விஸ்கி கம்பேனியன்' போதும். இவர் பாடகர் அல்ல, பீர், விஸ்கி பற்றி எழுதிய ஆங்கிலேயப் பத்திரிகையாளர். முதல் பதிப்பு 1989-இல் வந்தது. நூற்றுக்கு இத்தனை என்று அவர் போட்ட மதிப்பெண்களை இப்போதைக்குத் தாண்டிவிடலாம். ஒவ்வொரு வடிசாலைக்கும் அவர் எழுதிய சிறு முன்னுரையை மட்டும் படியுங்கள். 2007-இல் அவர் இறந்த பிறகு வந்த பதிப்புகளைத் திருத்தி எழுதியவர்கள் வேறு ஆட்கள். எனவே அவருடைய குரலே வேண்டுமென்றால் பழைய பதிப்பைத் தேடுங்கள்.

இரண்டாம் படி: ஒரு தாளில் சில வருடங்கள்

அடுத்து ஒரு பொது வரலாறு. மைக்கேல் மாஸ், ஜான் ஹ்யூம் இருவரும் எழுதிய 'தி மேக்கிங் ஆஃப் ஸ்காட்ச் விஸ்கி' (1981) இந்தத் துறையின் அஸ்திவாரம். படிக்கக் கொஞ்சம் கனமாக இருக்கும். இலகுவாக வேண்டுமென்றால் சார்ல்ஸ் மெக்லீனின் 'ஸ்காட்ச் விஸ்கி: எ லிக்விட் ஹிஸ்டரி' (2003). இரண்டில் எது கிடைத்தாலும் சரி. படிக்கும்போது பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் வைத்து இந்த வருடங்களை எழுதிக்கொள்ளுங்கள்:

1494: ஜான் கோர் என்ற துறவிக்கு 'அக்வா விட்டே' (விஸ்கியின் முன்னோடியான வடிசாராயம்) வடிக்க எட்டு 'போல்' (பழைய ஸ்காட்லாந்து தானிய அளவை) மால்ட் கொடுத்ததாக அரசுக் கணக்கேடு பதிவு செய்கிறது.

1823: வரியைப் பாதிக்கு மேல் குறைத்து, 10 பவுண்டுக்கு உரிமம் தந்த சட்டம். மறு வருடமே ஜார்ஜ் ஸ்மித் கிளென்லிவெட்டில் உரிமம் எடுத்தார். கள்ளத்தனமாக வடித்த பலர் சட்டத்துக்குள் வந்தது இதற்குப் பிறகுதான்.

1830: ஏனியஸ் காஃபி, இடைவிடாமல் வடிக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். மலிவான தானிய விஸ்கியும், அதை மால்ட்டோடு கலந்த பிளெண்டும் பெருக இதுதான் வழிவிட்டது.

1898: பிளெண்ட் விஸ்கி விற்ற பாட்டிசன் சகோதரர்களின் நிறுவனம் திவாலானது. அதோடு சேர்ந்து பல பேர் மூழ்கினார்கள்.

1909: விஸ்கி என்றால் என்ன என்று விசாரித்த அரச ஆணையம், தானிய விஸ்கியையும் விஸ்கி என்றே சொல்லலாம் என அறிக்கை தந்தது.

1983: தேவைக்கு மேல் சரக்கு தேங்கியதால் போர்ட் எல்லன், ப்ரோரா உட்படப் பல வடிசாலைகள் ஒரே வருடத்தில் மூடப்பட்டன.

இந்தத் தாளைத் தொலைத்துவிடாதீர்கள். இனி எந்த வடிசாலையின் கதையைப் படித்தாலும் 'திறப்பு', 'மூடல்' வருடங்கள் பெரும்பாலும் இவற்றுக்கு அருகில் வந்து விழும்.

மூன்றாம் படி: பர்னார்டைப் படிக்கும் விதம்

ஆல்ஃபிரட் பர்னார்டின் 'தி விஸ்கி டிஸ்டில்லரீஸ் ஆஃப் தி யுனைடெட் கிங்டம்' 1887-இல் வெளியானது. 'ஹார்ப்பர்ஸ் வீக்லி கெசட்' என்ற மது வணிக இதழுக்காக ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்து மூன்றிலும் நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட வடிசாலைகளை ஒவ்வொன்றாக நேரில் போய்ப் பார்த்து எழுதினார். இவ்வளவு முழுமையான வேறொரு நேரடிப் பதிவு அந்தக் காலத்துக்கு இல்லை. முதல் பதிப்பு கிடைப்பது அரிது. 1969 முதல் மறுபதிப்புகள் உண்டு. காப்புரிமைக் காலமும் முடிந்துவிட்டது.

இதை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்காதீர்கள். களைத்துவிடுவீர்கள். ரயில் பயணம், மலை, பாழடைந்த கோட்டை என்று அவர் வழியெல்லாம் வர்ணித்துக்கொண்டே போவார். ஒரு வடிசாலையின் பகுதியை எடுத்து, பென்சிலால் ஐந்து விஷயங்களை மட்டும் அடிக்கோடிடுங்கள்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சூளைக்கு என்ன எரிபொருள், வடிகலங்கள் எத்தனை, வருட உற்பத்தி எத்தனை கேலன், சரக்கு எந்த வழியாக வெளியே போகிறது. அவர் சொல்வது பிரிட்டிஷ் கேலன். ஒரு கேலன் சுமார் 4.5 லிட்டர்.

இன்னொன்றும் முக்கியம். பர்னார்ட் யாரையும் குறை சொல்ல மாட்டார். வணிக இதழுக்காக, முதலாளிகளின் விருந்தாளியாகப் போனவர் அவர். 'அருமையான சரக்கு' என்று எழுதியிருந்தால் அதைத் தரச்சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எண்களும் இயந்திர விவரங்களும்தான் இந்தப் புத்தகத்தின் பொக்கிஷம்.

நான்காம் படி: ஒரே ஊர், நான்கு புத்தகங்கள்

இங்கேதான் நிதானமாக நேரம் செலவழிக்க வேண்டும். கேம்பல்டவுன், ஸ்காட்லாந்தின் தென்மேற்கில் கின்டயர் தீபகற்பத்தின் நுனியருகே இருக்கும் துறைமுக ஊர். பர்னார்ட் போனபோது அந்தச் சின்ன ஊரில் 21 வடிசாலைகள். அவற்றில் பெரியது ஹேசல்பர்ன், வருடத்துக்கு 1,92,000 கேலன்.

அடுத்து ஆலிவ் செக்லண்டின் 'ஜப்பனீஸ் விஸ்கி, ஸ்காட்ச் பிளெண்ட்' (1998). ஜப்பானிலிருந்து 1918-இல் விஸ்கி கற்க வந்த மசடாக்கா டாக்கெட்சுருவின் கதை. அவர் துணைக்கு வைத்திருந்ததே ஒரு புத்தகம்தான்: ஜே. ஏ. நெட்டில்டன் எழுதிய வடிப்புத் தொழில்நுட்ப நூல் (1913). அதை எழுதியவரிடமே பாடம் கேட்கலாம் என்று எல்ஜின் வரை போனார். கட்டணம் கட்டுப்படியாகவில்லை. அப்புறம் லாங்மோர்ன் வடிசாலையில் சில நாள் பயிற்சி. 1920-இல் அதே கேம்பல்டவுன் ஹேசல்பர்னில் சில மாதம் இருந்து, கண்டதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதினார். அந்தக் குறிப்புகளோடும், ஸ்காட்லாந்தில் மணம் முடித்த ரீட்டாவோடும் ஊர் திரும்பினார். ஜப்பானின் யமசாக்கி, யோய்ச்சி வடிசாலைகள் அதிலிருந்துதான் எழுந்தன.

இப்போது மூன்றாவது: பிரையன் டவுன்செண்டின் 'ஸ்காட்ச் மிஸ்ட்' (1993). மறைந்துபோன வடிசாலைகளின் பட்டியல் போன்ற நூல். ஹேசல்பர்ன் அதில் இருக்கிறது. மூடப்பட்ட வருடம் 1925. டாக்கெட்சுரு கிளம்பி ஐந்தே வருடம்! பர்னார்ட் எழுதிய 21-இல் 1930-களின் நடுவில் மிஞ்சியவை ஸ்பிரிங்பேங்கும் கிளென் ஸ்கோஷியாவும்தான்.

ஏன் இப்படி? இங்கே நிறுத்தி, இரண்டாம் படியில் எழுதிய தாளை எடுங்கள். அதில் 1920 முதல் 1933 வரை அமெரிக்க மதுவிலக்கு என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து நிலக்கரிச் சுரங்கம் 1920-களில் மூடியது. மலிவு எரிபொருள் போனது. பிளெண்ட் செய்கிறவர்கள் கேம்பல்டவுனின் கனத்த சுவையை விட்டு வடகிழக்கு ஸ்காட்லாந்திலுள்ள ஸ்பேசைடின் மென்மையான மால்ட்டுக்கு மாறிவிட்டார்கள். அவசரத்தில் மட்டமான சரக்கை வடித்து ஊர்ப் பெயரைக் கெடுத்தவர்களும் உண்டு. இதில் ஒரு காரணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு முழுக் கதையையும் சொல்கிற புத்தகத்தைக் கண்டால் உஷாராக இருங்கள்.

நான்காவதாக, இங்வார் ரோன்டே தொகுக்கும் 'மால்ட் விஸ்கி இயர்புக்'. வருடாவருடம் புதுப்பதிப்பு வருகிறது. 1925-இல் மூடிய கிளென்கைல் வடிசாலை 2004-இல் மீண்டும் வடிக்கத் தொடங்கியது. கிளென்கைல் என்ற பெயர் வேறொரு நிறுவனத்திடம் இருந்ததால் சரக்கு கில்கெரன் என்ற பெயரில் வருகிறது. ஸ்பிரிங்பேங்க் தன் மும்முறை வடித்த விஸ்கிக்கு ஹேசல்பர்ன் என்று பெயர் வைத்திருக்கிறது. இது பர்னார்ட் பார்த்த ஹேசல்பர்ன் அல்ல. கடையில் அந்தப் பாட்டிலைப் பார்த்தால் பலரும் குழம்பும் இடம் இது.

ஐந்தாம் படி: எழுத்தாளர்களின் குரல்

எண்கள் போதும் என்று தோன்றும்போது இரண்டு சிறிய புத்தகங்கள். ஏனியஸ் மெக்டொனால்டு என்ற புனைபெயரில் ஜார்ஜ் மால்கம் தாம்சன் எழுதிய 'விஸ்கி' (1930). நீல் கன் எழுதிய 'விஸ்கி அண்ட் ஸ்காட்லண்ட்' (1935). எனக்கு மிகவும் பிடித்தது கன்னுடையது. நாவலாசிரியரான அவர் கலால் அதிகாரியும்கூட; இன்வர்னெஸில் கிளென் மோர் வடிசாலையில் வேலை பார்த்தார். தினமும் கணக்குப் பார்த்த மனிதர் எழுதியது என்பதால் அந்தப் பாசத்தில் போலித்தனம் இல்லை. அவர் வேலை செய்த கிளென் மோரும் 1983-இல் மூடிய கூட்டத்தில் ஒன்று, பிறகு இடித்துவிட்டார்கள்.

ஆறாம் படி: பாட்டிலில் இருக்கும் வருடத்தைச் சோதியுங்கள்

லேபிளில் கண்ட ஸ்தாபித வருடத்தை அப்படியே நம்பாமல், புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வட அயர்லாந்தின் புஷ்மில்ஸ் பாட்டிலில் 1608 என்று இருக்கும். அந்த வருடம் அரசர் முதலாம் ஜேம்ஸ், சர் தாமஸ் பிலிப்ஸுக்கு அந்த வட்டாரத்தில் வடிக்க உரிமை தந்தது உண்மை. ஆனால் புஷ்மில்ஸ் என்ற பெயரில் நிறுவனம் பதிவானது 1784-இல். உரிமம், கட்டடம், நிறுவனம், பிராண்ட் என நான்கும் நான்கு தேதிகள். நல்ல வரலாற்று நூல் இவற்றைப் பிரித்துக் காட்டும்.

புத்தகம் வாங்கும்போது பதிப்பு வருடத்தையும் பாருங்கள். பெங்களூரின் அம்ருத் சிங்கிள் மால்ட் 2004-இல் கிளாஸ்கோவில்தான் முதலில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முந்தைய நூலில் அதைத் தேடிப் பயனில்லை. உலகம் முழுவதையும் பார்க்க டேவ் புரூமின் 'தி வேர்ல்ட் அட்லஸ் ஆஃப் விஸ்கி' (2010) நல்லது, வரைபடங்களும் உண்டு. 'இயர்புக்'கை மட்டும் புதிதாக வாங்குங்கள். மற்றவற்றைப் பழைய பிரதிகளாகத் தேடினால் செலவு குறையும்.

கேம்பல்டவுன் முடிந்ததும் ஐலா தீவுக்குப் போங்கள். ஆண்ட்ரூ ஜெஃபர்டின் 'பீட் ஸ்மோக் அண்ட் ஸ்பிரிட்' (2004) அந்தத் தீவின் மண், மக்கள், வடிசாலைகள் எல்லாவற்றையும் விரிவாகச் சொல்கிறது. பர்னார்ட் அங்கே ஒன்பது வடிசாலைகளைப் பார்த்தார். அதில் ஒன்று போர்ட் சார்லட்டில் இருந்த லாக்கின்டால், 1929-இல் மூடியது. அதே ஐந்து அடிக்கோடுகளோடு முதலில் அந்தப் பக்கத்தைத் திறங்கள்.