எலெக்ட்ரிக்கல் கான்ட்ராக்டருக்கு என்னென்ன காப்பீடு வேண்டும்? முதல் முறை எடுப்பவர்களுக்கு

வீட்டு வயரிங்கில் தொடங்கி அபார்ட்மென்ட் வேலை கேட்கும் அளவுக்கு வளர்ந்ததும், ஒர்க் ஆர்டர் கொடுக்கும் முன் பில்டர் கேட்பது ‘டபிள்யூசி பாலிசி’ (வேலையில் அடிபடும் ஆட்களுக்கான இழப்பீட்டுக் காப்பீடு) காப்பி. பலர் அன்றைக்குத்தான் காப்பீட்டைப் பற்றி யோசிக்கிறார்கள். கிடைத்த மலிவான பாலிசியை வாங்கி நீட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி வாங்காதீர்கள்.

முதலில் ஒரு நோட்டு

ஏஜென்டைக் கூப்பிடும் முன், வேலை அதிகமாக இருக்கும் மாதத்தில் சைட்டில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொருவரின் வயது, உண்மையான கூலி, செய்யும் வேலை எல்லாம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரும் ஹெல்பரையும் சேருங்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் 4 பேருக்குத்தான் பாலிசி எடுத்திருந்தேன். ஹெல்பர் பையன் ஏணியிலிருந்து விழுந்த அன்று சைட்டில் 7 பேர். வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு கிளெய்ம் தொகையைக் குறைத்தார்கள். மீதியைச் சீட்டுப் பணம் எடுத்துக் கட்டினேன். மிச்சம் பிடித்த பிரீமியம் சில ஆயிரம்தான்.

அடுத்தது ஆட்களுக்கான பாலிசி

வேலையில் அடிபட்டால் முதலாளி இழப்பீடு தரவேண்டும் என்பது 1923-ஆம் வருடத்துச் சட்டத்திலிருந்து வரும் பொறுப்பு. இப்போது 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. பாலிசி இல்லாவிட்டாலும் கொடுக்கவேண்டியவர் நீங்கள்தான்.

எவ்வளவு வரும்? 25 வயதுப் பையன் ஷாக் அடித்து இறந்துவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். கூலி அதிகமாக இருந்தாலும், 2020-இல் அறிவித்த உச்சவரம்புப்படி கணக்குக்கு மாதம் 15,000 ரூபாய்தான். அதில் பாதி 7,500. அதை அந்த வயதுக்குச் சட்டம் வைத்திருக்கும் காரணி 216.91-ஆல் பெருக்கினால் 16,26,825 ரூபாய். சின்ன கான்ட்ராக்டரின் கையில் இவ்வளவு பணம் எங்கே இருக்கும்?

பாலிசி எடுக்கும்போது சிலவற்றைக் கேட்டு வாங்குங்கள். மருத்துவச் செலவு பெரும்பாலும் தனியாகச் சேர்க்கவேண்டிய பகுதி. அதைச் சேர்க்காவிட்டால் ஆஸ்பத்திரி பில் உங்கள் தலையில். சப் கான்ட்ராக்டில் ஆள் விடுகிறீர்கள் என்றால் அவர்களையும் சேர்க்கச் சொல்லுங்கள், பொறுப்பு உங்களிடமும் வரும். உயரத்தில் ஏறும் வேலை, ஹெச்டி (உயர் அழுத்த மின்சாரம்) வேலை இருந்தால் அதை விண்ணப்பத்தில் எழுதியே ஆகவேண்டும். இழப்பீட்டை ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12% வட்டி ஏறும், அபராதமும் வரலாம். வழக்கமான பாலிசி இந்த இரண்டையும் தராது.

10 பேரோ அதற்கு மேலோ வைத்து இஎஸ்ஐக்குள் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வந்துவிட்டால், மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இழப்பீடு இஎஸ்ஐ வழியாகப் போகும். மற்றவர்களுக்கு இந்தப் பாலிசி தேவைதான்.

உங்களுக்கு?

பலரும் விடுவது இங்கேதான். ஓனர் ‘தொழிலாளி’ இல்லை. நீங்களே டிபி பாக்ஸை (மின் இணைப்புகளைப் பிரிக்கும் பெட்டி) திறந்து அடிபட்டால் டபிள்யூசி பாலிசி ஒரு பைசா தராது. தனிநபர் விபத்துப் பாலிசி தனியாக எடுங்கள். பேங்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனா 2 லட்சம் தரும். அதையும் போட்டுவையுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள்.

அடுத்தவர் சொத்து

வேலை முடித்துக் கொடுத்து மூன்று மாதம் கழித்து லூஸ் ஜாயின்ட் சூடாகி கடை எரிகிறது. இதற்குத்தான் பொதுப் பொறுப்புக் காப்பீடு. ‘வேலையை ஒப்படைத்த பிறகு வரும் சேதமும் இதில் அடங்குமா?’ என்று எழுத்தில் கேளுங்கள். 1991 பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தின்படி எடுக்கும் பாலிசி அபாயமான ரசாயனங்களைக் கையாளுபவர்களுக்கானது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் அதை வாங்கிவிடாதீர்கள்.

கருவிகள், வயர் காயில்

முழு மதிப்புக்கு எடுங்கள். 2 லட்சம் ரூபாய்க் கருவிகளை 1 லட்சத்துக்குக் காப்பீடு செய்தால், 50,000 ரூபாய்ப் பொருள் போனால் 25,000தான் கிடைக்கும். பூட்டை உடைத்த அடையாளம் இல்லாத திருட்டுக்குப் பல பாலிசிகள் பணம் தருவதில்லை. அதனால் காயிலைப் பூட்டிய அறையில் வையுங்கள்.

விபத்து நடந்தால்

முதலில் ஆஸ்பத்திரி. அன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில், இடத்தின் போட்டோ. சாவோ திருட்டோ என்றால் போலீஸில் புகார். அப்புறம் வருகைப் பதிவேடு, கூலி கொடுத்த கணக்கு. கூலியை பேங்க் வழியாகப் போட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது.

கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தனி உரிமையாளர் தொழிலுக்கும் இது உண்டு. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போய்விடுங்கள்.