பழைய அமெரிக்கப் பாக்கெட் வாட்ச்: வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பலரும் ஏமாறுவது கூட்டைப் பார்த்துத்தான். வால்தம், எல்ஜின், ஹாமில்டன் கம்பெனிகள் பல காலம் உள்ளே ஓடும் இயந்திரத்தை மட்டுமே பெரும்பாலும் விற்றன. கூடு செய்தவர்கள் வேறு. வாங்குபவர் நகைக்கடையில் இரண்டையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துப் பொருத்திக்கொண்டார். ஆகவே கூட்டில் உள்ள எண்ணை வைத்து வாட்சின் வயதைத் தேடாதீர்கள்; இயந்திரத்தில் பொறித்த வரிசை எண்தான் கணக்கு.

தங்கத்துக்காகக் கூடுகளை உருக்கியபோது அனாதையான இயந்திரங்கள் கிடைத்த கூட்டில் ஏறின. லென்ஸ் வைத்துக் கூட்டின் உள்விளிம்பைப் பாருங்கள். இயந்திரத்தைப் பிடித்திருக்கும் திருகுகளின் தலை அங்கே அழுந்தித் தடம் பதித்திருக்கும். திருகே இல்லாத இடத்திலும் அப்படித் தடம் இருந்தால், முன்பு வேறொரு இயந்திரம் அதில் குடியிருந்திருக்கிறது. அதை ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

கூட்டில் '14கே (14 காரட்), 20 ஆண்டு உத்தரவாதம்' என்றிருந்தால் அது முழுத் தங்கமல்ல. மட்டமான உலோகத்தின் மேல் மெல்லிய தங்கத் தகடு; அது தேயாமல் உழைக்கும் என்று சொன்ன கெடுதான் அந்த 20 ஆண்டு. பாலிஷ் போட்டால் உள்ள தங்கமும் போய்விடும்.

பின்மூடியில் ரயில் எஞ்சின் செதுக்கியிருந்தாலே 'ரயில்ரோடு வாட்ச்' (ரயில்வே ஊழியர்களுக்கான துல்லியமான வாட்ச்) ஆகிவிடாது. 1891-ல் ஒஹாயோவின் கிப்டனில் ரயில்கள் மோதியதற்கு, நான்கு நிமிடம் நின்று ஓடிய ஒரு வாட்சே காரணம் என்றார்கள். அதன்பின் வெப் பால் என்ற நகைக்கடைக்காரர் ரயில்வே வாட்சுகளுக்கு வகுத்த விதிகள் கறாரானவை: முன்மூடி இல்லாத முகப்பு, குறைந்தது 17 கல் (தேய்மானத்தைக் குறைக்க இயந்திரத்தில் பதிக்கும் மாணிக்கக் கற்கள்), வாரத்துக்கு 30 நொடிக்குள் பிசகு. 21 கல் வைத்த ஹாமில்டன் 992 மாடல் சாதாரணக் கூட்டில் இருந்தாலும் ரயில்ரோடு வாட்ச்தான்.

இந்த வகையில் நேரம் வைக்க, சாவி கொடுக்கும் குமிழை இழுக்கவே கூடாது. முன்கண்ணாடி வளையத்தைத் திருகிக் கழற்றினால், பெரும்பாலும் 1 மணிக்கும் 2 மணிக்கும் இடையே டயல் ஓரத்தில் ஒரு குட்டி நெம்புகோல் தெரியும். அதை நகத்தால் வெளியே இழுத்து, குமிழைத் திருப்பி நேரம் வைத்து, பழையபடி உள்ளே தள்ளுங்கள். குறடு போட்டுக் குமிழை இழுத்து உடைத்த நல்ல வாட்சுகளைப் பார்த்தால் வயிறெரிகிறது. பின்மூடியையும் கத்தியால் நெம்பாதீர்கள். சில கூடுகளில் பின்பக்கம் திறக்கவே திறக்காது, இயந்திரம் முன்பக்கமாகத்தான் வெளியே வரும்.

"சாவி அதிகமாகக் கொடுத்துட்டாங்க, அதான் ஓடலை" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். முழுச் சாவி இருந்தும் ஓடவில்லையென்றால் எண்ணெய் இறுகியிருக்கும், இல்லையேல் ஏதோ உடைந்திருக்கும். ரிப்பேர் செலவைக் கழித்துக்கொண்டே விலை சொல்லுங்கள்.