கியூரியை கிரானிடம் ஒப்படைப்பது எப்படி?

போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் தினமும் ஒரே கியூரியைக் கையால் ஓட்டிக்கொண்டிருந்தால் அதை கிரானிடம், அதாவது லினக்ஸில் குறித்த நேரத்தில் கமாண்டுகளைத் தானே ஓட்டும் புரோகிராமிடம், விட்டுவிடுங்கள். கியூரியை ஒரு ஃபைலில் எழுதி, போஸ்ட்கிரஸின் கமாண்ட் லைன் கருவியான பிஎஸ்கியூஎல்லுக்கு (psql) மைனஸ் எஃப் (-f) ஆப்ஷனோடு கொடுத்து முதலில் நீங்களே டெர்மினலில் ஓட்டிப் பாருங்கள்.

பாஸ்வேர்டை கமாண்டில் எழுதவே எழுதாதீர்கள். ஹோம் டைரக்டரியில் டாட் பிஜிபாஸ் (.pgpass) ஃபைலில் வைத்து பெர்மிஷனை 600 (உங்களுக்கு மட்டும் படிக்க, எழுத அனுமதி) ஆக்குங்கள், அதைவிடத் தளர்வாக இருந்தால் பிஎஸ்கியூஎல் அந்த ஃபைலைக் கண்டுகொள்ளாது.

அப்புறம் கிரானின் அட்டவணையான கிரான்டேபில் கமாண்டின் முன்னால் 0 2 * * * என்று போட்டால் தினமும் அதிகாலை 2 மணிக்கு ஓடும். கிரானுக்குத் தெரிந்த பாத், அதாவது புரோகிராம்களைத் தேடும் இடங்கள், மிகவும் குறைவு, அதனால் பிஎஸ்கியூஎல்லின் முழு பாத்தையும் எழுதுங்கள். கமாண்டில் % குறி வந்தால் முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் போடுங்கள், இல்லையென்றால் கிரான் அதைப் புது வரியாக எடுத்துக்கொள்ளும்.

பலரும் கோட்டை விடுவது இங்கேதான்: ஃபைலின் நடுவில் ஒரு கியூரி தோற்றாலும் பிஎஸ்கியூஎல் அடுத்ததற்குப் போய்விடும், கடைசியில் எக்ஸிட் கோடும் 0, அதாவது வெற்றி, என்றே வரும். எனக்கு ஒருமுறை டேபிளை காலி செய்யும் வரி ஓடி, நிரப்பும் வரி தோற்று, காலையில் வெறும் டேபிள்தான் இருந்தது. மைனஸ் வி (-v) கொடுத்து ஆன்_எரர்_ஸ்டாப் (ON_ERROR_STOP) வேரியபிளை 1 ஆக்கினால் அங்கேயே நின்று 3 என்ற கோடோடு வெளியே வரும். கூடவே மைனஸ் 1 (-1) சேர்த்தால் எல்லாம் ஒரே டிரான்சாக்‌ஷனாக, அதாவது முழுவதும் நடக்கும் அல்லது எதுவுமே நடக்காது என்ற விதத்தில், ஓடும், பாதியில் தோற்றால் பழைய டேட்டா அப்படியே இருக்கும்.

நீண்ட நேரம் ஓடும் கியூரி என்றால் ஒரு ஃபைலைப் பூட்டாக வைத்துக் கமாண்டை ஓட்டும் எஃப்லாக் (flock) வழியாக ஓட்டுங்கள், முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது அதன்மேல் ஏறாது.