விடைக்குப் பின்னும் 3 செக்கன்

பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் பயின்று, தோட்டப் பாடசாலைகளுக்குக் கற்பித்தற் பயிற்சிக்காகச் செல்லும் கணித ஆசிரிய மாணவர்களுக்கான குறிப்பு இது.

ஆசிரியர் கேட்பார், பிள்ளை விடை சொல்லும், ஆசிரியர் சரி பிழை சொல்வார். வகுப்பறைப் பேச்சின் இந்த மூன்றடி வழக்கத்தை அமெரிக்க சமூகவியலாளர் ஹியூ மெஹான் 1979இல் விரிவாக எடுத்துக்காட்டினார். விஞ்ஞான வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்ட பின்னும் பிள்ளை விடை சொன்ன பின்னும் ஏறத்தாழ 1 செக்கனே பொறுக்கிறார்கள் என்றும், அதை 3 செக்கனுக்கு மேல் நீட்டினால் விடைகள் நீள்வதோடு வாய் திறவாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்றும் 1974இல் காட்டினார்.

0.25 கிலோ தேயிலைக் கொழுந்து கூடவா, 0.3 கிலோ கூடவா என்று கேளுங்கள். "0.25 தான் சேர்" என்று ஒரு பிள்ளை சொன்னால், பிழை என்று சொல்லாமல் அதை அப்படியே கரும்பலகையில் எழுதி, "எப்படி யோசிச்சீங்க மகள்?" என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். "25, 3ஐ விடப் பெரிசுதானே" என்ற காரணம் அப்போதுதான் வெளியே வரும். விடைக்குப் பின்னான இந்தக் காத்திருப்பே கடினமானது, பெறுமதியும் அதற்கே அதிகம் என்பது என் கருத்து. அடுத்து, பக்கத்து வாங்கில் இருக்கும் பிள்ளையிடம் அதே கேள்வியைக் கொடுங்கள், 0.3ஐ 0.30 என்று எழுதிப் பார்க்கும் யோசனை அங்கிருந்து வரட்டும்.